பவர் ஸ்டியரிங் ராக்கை வீட்டிலேயே பிரித்து சீல் மாற்றிய கதை (இதுவரை)

பவர் ஸ்டியரிங் ஆயில் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுகூட இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது ராக்கின், அதாவது ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் கம்பித் தொகுதியின், இரண்டு முனையிலும் இருக்கும் 'பூட்' என்ற ரப்பர் உறையைத்தான். என் பழைய செடானில் இடது பக்க பூட்டின் கிளிப்பைத் தளர்த்தியதும் சிவப்பு ஆயில் முழங்கை வரை வழிந்தது. ஆயில் இடது பக்கம் இருந்ததால் இடது சீல்தான் (ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) போயிருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது. காற்று போய்வர இரண்டு பூட்டையும் இணைத்து ஒரு சின்னக் குழாய் இருக்கிறது, அது வழியாக ஆயில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகும். பிரித்தால் எல்லா சீலையும் மாற்றுவது, அவ்வளவுதான்.

பட்டறையில் "ராக்கையே மாத்திடுங்க சார்" என்றார்கள். புது ராக் விலைக்கு என் வண்டியில் பாதியை விற்க வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஜி.பி. ரோட்டில் சீல் கிட் கிடைத்தது, சரி, பிரித்துத்தான் பார்ப்போமே என்று இறங்கிவிட்டேன்.

உள்ளே நடப்பது பெரிய மர்மம் இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பினியனுக்கு (ராக்கின் பற்களோடு கோக்கும் சின்னப் பல்சக்கரம்) மேலே இருக்கும் மெல்லிய டார்ஷன் பார் என்ற கம்பி லேசாக முறுகும், அந்த முறுக்கலில் சுழல் வால்வு திறந்து பம்பிலிருந்து வரும் ஆயிலை ராக் கம்பியில் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு அனுப்பும், அழுத்தம் கம்பியைத் தள்ளும். எண்ணெய் அழுத்தத்தில் ஸ்டியரிங்குக்குக் கை கொடுக்கும் இந்த யோசனை 1951-லேயே கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்துவிட்டது. இப்போதைய கார்களில் பெரும்பாலும் மின் மோட்டார்தான், அதனால் இந்த எண்ணெய்க் குளியலுக்கு இனி ஆள் குறைவு.

கழற்றும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஸ்டியரிங் வீலை நேராக வைத்து சீட் பெல்ட்டால் கட்டிவிடுங்கள். ராக் இல்லாத நேரத்தில் அது தன்பாட்டுக்குச் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கேபிள் அறுந்துவிடும், அந்தச் செலவு தனி. அப்புறம் டை ராட் எண்டை (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை) கழற்றும் முன் லாக் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எழுதிவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். ராக் வெளியே வர கிராஸ் மெம்பரை (வண்டிக்கு அடியில் குறுக்கே போகும் சட்டம்) கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது, மொத்த வேலையில் உடம்பு வலிக்கிற பகுதி இதுதான்.

மேசைக்கு வந்த பிறகு யோக் பிளக் (ராக் கம்பியைப் பினியனோடு அழுத்திப் பிடிக்க வைக்கும் திருகு மூடி), ஸ்பிரிங், பினியன் வால்வு என்ற வரிசையில் வெளியே எடுத்தேன். பினியனை உருவும் முன் அது எந்தப் பல்லில் நிற்கிறது என்று மார்க்கரில் கோடு போட்டுக்கொண்டேன். ராக் குழாயின் கடைசி முனையில் புஷ்ஷை (கம்பியைத் தாங்கும் வளையம்) பிடித்திருந்தது சர்க்லிப் என்ற வளையக் கிளிப் இல்லை, பள்ளத்துக்குள் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஒரு கம்பி. புஷ்ஷைத் திருப்பினால் கம்பியின் நுனி துளைக்கு வரும், அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வெளியே இழுக்க வேண்டும். தெரியாமல் சுத்தியலால் அடித்தால் குழாயே வீண்.

இப்போது ராக் கம்பி. என் கருத்தில் மொத்த வேலையும் இந்த ஒரு கம்பியில்தான் இருக்கிறது. சீல் ஓடுகிற அந்த மினுமினுப்பான பகுதியில் துருப்புள்ளி ஏறி, நகத்தால் வருடினால் தட்டுப்படுகிற அளவுக்குக் குழி இருந்தால் கிட் வாங்கிய காசு போச்சு, புது சீலின் உதட்டை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். ரீகண்டிஷன் செய்த ராக் சீக்கிரமே மறுபடி ஒழுகுகிறது என்று புலம்புகிறவர்கள் பலருக்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்: சீல் புதிது, கம்பி பழசு. என் கம்பியில் முனைப் பக்கம், சீல் எட்டாத இடத்தில் மட்டும் லேசான துரு, 2000 நம்பர் எமரி தாளை ஆயிலில் நனைத்துத் துடைத்ததும் போய்விட்டது. வால்வு உட்காரும் அலுமினியக் கூட்டில் வால்வைச் சுற்றியிருக்கும் டெஃப்லான் வளையங்கள் கோடு கிழித்திருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன், சுத்தம்.

டெஃப்லான் வளையம் ரப்பர் இல்லை, குளிர்ந்த நிலையில் இழுத்தால் திரும்பச் சுருங்காது. கொதிக்கிற வெந்நீரில் போட்டு, இளகியதும் மாட்டி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஹோஸ் கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கி ஆறவிட்டேன். வளையம் பள்ளத்துக்குள் சமமாக உட்கார்ந்தது. பினியன் பக்கத்து உள் சீலை அடித்து இறக்க நீளமான ஒரு குழாய் வேண்டும், அதைத் தெருமுனை லேத்தில் நைலானில் கடைந்து வாங்கினேன். ஸ்பிரிங் இருக்கும் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும். ராக்கின் பற்கள் ரம்பம் மாதிரி, சீல் அதன் மேல் நேரடியாக ஏறினால் உதடு கிழிந்துவிடும். அதனால் பழைய ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்) வெட்டி, பற்களைச் சுற்றிக் குழலாக்கி, ஆயில் தடவித்தான் உள்ளே விட்டேன்.

பைப் முனைகளில் வரும் செம்பு வாஷர்களைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மென்மையாகி மறுபடி பயன்படும் என்பது உண்மைதான், ஆனால் கிட்டிலேயே புதிது இருந்ததால் அதற்கு வேலை இல்லை.

மாட்டிய பிறகு காற்று எடுப்பது. முன் சக்கரங்கள் தூக்கியபடி, இன்ஜின் ஆஃப், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே டப்பாவில் ஆயிலை நிரப்ப வேண்டும். குமிழி நின்றதும்தான் ஸ்டார்ட் செய்தேன். ஆயில் பால் போல நுரைத்தால் காற்று இன்னும் இருக்கிறது, அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோடியில் திருப்பி 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது, பம்ப் சூடாகிவிடும்.

மரை எண்ணி மாட்டியிருந்தாலும் வீல் அலைன்மென்ட் போட்டுவிட்டேன். அதன் பிறகு திண்டிவனம் வரை ஓட்டிப் போய் வந்து பூட்டைத் திறந்து பார்த்தேன், இரண்டும் காய்ந்து கிடக்கின்றன, ஆயில் மட்டமும் அசையவில்லை. வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் நடுவுக்குத் திரும்பி வருவதில் மட்டும் கொஞ்சம் சோம்பல். யோக் பிளக் ஒரு துளி இறுக்கமாக இருக்கலாம். வரும் ஞாயிறு அதைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கிறேன், அதற்கு ராக்கைக் கழற்ற வேண்டியதில்லை, சக்கரத்தை எடுத்தால் கை எட்டும்.