குறட்டை நின்றுபோகும் நொடிகள்

கவலையில்லாமல் உறங்குபவரைக் "குறட்டை விட்டுத் தூங்குகிறார்" என்று சொல்வது நம் வழக்கம். நானும் ஏறத்தாழப் பத்து வருடங்கள் என்னை அந்தப் பாக்கியசாலிகளில் ஒருவனாகவே எண்ணியிருந்தேன். மட்டக்களப்பின் கல்லடியில் எங்கள் மதிலைத் தாண்டி அயல் வீட்டுக்கும் கேட்ட அந்தச் சத்தம் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. என் மனைவி மட்டும் ஒருநாள், "குறட்டை எனக்குப் பழகிட்டு, அது இடையில நிண்டு போறதுதான் பயமா இருக்கு" என்றார்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எட்டு மணிநேரம் படுத்து எழுந்தாலும் காலையில் தலை பாரமாகவும் வாய் வறண்டும் இருந்தன. இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழுந்ததால், சீனி வருத்தம் தொடங்கிவிட்டதென்று நம்பி இரத்தப் பரிசோதனை செய்தபோது அதில் குறை எதுவும் தெரியவில்லை. பிரஷருக்கு ஒரு குளிசை போதாமல் இரண்டாவதும் சேர்ந்தது. கடைசியில், ஒரு காலை கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகையில் கண் செருகி, முன்சக்கரம் ஓரக்கட்டில் உரசிய பிறகே வைத்திய நிபுணரிடம் போனேன். என்னிடம் இரண்டு மூன்று கேள்விகளை மட்டும் கேட்ட அவர், அடுத்த தடவை மனைவியையும் அழைத்து வரச் சொன்னார்.

நனைந்த கடதாசிக் குழாயால் இளநீரை வேகமாக உறிஞ்சினால், குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கும் வாயின் மேற்புறத்துப் பின்பகுதியான மென்அண்ணமும் பின்னால் சரியும்போது நடப்பதும் அதுதான். வழி ஒடுங்கினால் காற்று உரசி, தசை அதிர்ந்து குறட்டையாகிறது. முற்றாக மூடிக்கொண்டால் சத்தமே இராது, ஆனால் நெஞ்சு மட்டும் மூச்சுக்காக இழுத்துக்கொண்டிருக்கும். இவ்வாறு மூச்சு 10 வினாடிகளோ அதற்கு மேலோ தடைப்படுவதையே உறக்க மூச்சுத்தடை என்கிறார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய மூளை திடுக்கிட்டு உடலை எழுப்பும், திணறலோடு மூச்சு திரும்பும், ஆனால் உறங்கியவனுக்கு அது நினைவிராது. என் சிறுநீர்ப் புதிரும் இங்கேதான் அவிழ்ந்தது: மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு இழுக்கும்போது இதய அறை விரிவடைந்து, சிறுநீரைக் கூட்டும் ஹோர்மோன் ஒன்றைச் சுரக்கிறது.

உறக்கத்தைப் பரிசோதிக்க ஓர் இரவு, விரலில் ஒட்சிசன் அளவியும் மூக்கில் சிறு குழாயும் நெஞ்சில் பட்டியுமாகப் படுத்தேன். மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சு தடைப்பட்டாலோ குறைந்தாலோ அது நோயாகக் கணிக்கப்படும், 30ஐத் தாண்டினால் கடுமையானது. எனக்கு 34 என்று வந்தது. அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைக்கும் கூடுதலாக என் தொண்டை அடைபட்டிருக்கிறது, அதைத்தான் நான் நல்ல உறக்கம் என்று எண்ணியிருந்தேன்.

எனக்குத் தரப்பட்டது சீபாப் இயந்திரம். சிட்னியில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் 1981இல் உலகுக்கு அறிவித்த இந்த முறையில் மருந்து எதுவும் இல்லை; மூக்கில் அணியும் மாஸ்க் வழியாக இடைவிடாது வரும் காற்றழுத்தமே தொண்டையை உள்ளிருந்து தாங்கித் திறந்து வைக்கிறது. முதல் வாரம் நான்கு இரவுகள் அதைக் கழற்றி எறிந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். சித்திரை மாதப் புழுக்கத்தில் முகத்தில் மாஸ்க்கோடு படுப்பது இலேசானதல்ல. அளவு சரியான மாஸ்க்காக மாற்றியதும், பகலில் பத்திரிகை வாசிக்கும்போது அணிந்து பழகியதும் கைகொடுத்தன. மூன்றாம் வாரம் இரவில் ஒரு தடவைகூட எழாமல் விடிந்தது.

எல்லோருக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. நோய் இலேசாக இருந்தால், கீழ்த்தாடையை முன்னே நகர்த்திப் பிடிக்கும் கருவியைப் பல் வைத்தியர் செய்து தருவார். மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை ஏற்படுபவர்களுக்குச் சரிந்து படுப்பதே பாதி வைத்தியம். உடல் நிறையைக் குறைப்பது பெரும்பாலானோருக்கு உதவும், மதுவும் தூக்கக் குளிசையும் தொண்டையை மேலும் தளர்த்தும். கடையில் விற்கும் மூக்குப் பட்டிகள் சத்தத்தைச் சற்றுக் குறைக்கலாமே தவிர, மூச்சுத்தடையைத் தீர்ப்பதில்லை. மின்சாரத்தை நம்பிய வைத்தியம் என்பதால் எனக்கு ஒரு கவலை மீதமிருக்கிறது: 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இருப்பதால், கையோடு ஒரு பற்றரியும் வாங்கி வைத்திருக்கிறேன்.

போன மாதம் கல்முனையில் தங்கை வீட்டில் ஓரிரவு தங்கினேன். பக்கத்தில் படுத்திருந்த அவளது ஆறு வயது மகன் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டான், பிறகு சத்தம் நின்றது, நான் எழுந்து உட்கார்ந்து எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியதும் திணறிப் புரண்டான். வகுப்பில் கவனமில்லை என்று ஆசிரியை கண்டித்துக்கொண்டிருந்த பிள்ளை அவன். சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வீங்கிய தொண்டைச் சதைதான் காரணம் என்று தங்கையிடம் சொல்லி, காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்கு அனுப்பினேன். சத்திரசிகிச்சைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள்.