எங்க வீட்டு டாக்டர்

ஆகஸ்ட் 3, 2025, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. மத்தியானம் சித்தப்பா மகள் நாமக்கல்லிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, இன்டர்ன்ஷிப் முடிஞ்சுதுங்க்கா. கையெழுத்தெல்லாம் வாங்கியாச்சு." கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாலரை வருஷப் படிப்பு, அதற்கு மேல் ஒரு வருஷப் பயிற்சி. பட்டமளிப்பு விழா பிறகு வரும். எனக்கு அவள் இன்றைக்கே டாக்டர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாழ்த்தாகப் பூங்கொத்துப் படம் ஒன்றை வாட்ஸப்பில் தட்டிவிட மனசு வரவில்லை. அவள் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் பட்டதாரி சான்றிதழுக்காகச் சித்தப்பாவோடு தாலுகா ஆபீசுக்கு நானும் போயிருந்தேன். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இனிமே இதை யாரும் எழுத வேண்டாம் கண்ணு" என்றார்.

சாயங்காலம் சொந்தக்காரர் ஒருவர், "மாட்டு டாக்டருதானுங்? மனுச டாக்டருக்கு மார்க்கு பத்துலியாக்கும்" என்றார். எனக்குச் சுரீரென்றது. மாடு, ஆடு, குதிரை, நாய், கோழி என்று ஒவ்வொன்றின் உடம்பையும் தனித்தனியாகப் படித்திருக்கிறாள். மாட்டு வயிற்றில் நாலு அறை, குதிரைக்கு ஒன்றுதான். ஒன்றுக்குக் கொடுக்கும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸும் வெறிநோயும் மாட்டுக்குக் கரு கலையச் செய்கிற புரூசெல்லாவும் விலங்கிலிருந்து மனுசனுக்கு வருகிறவை. தொழுவத்திலேயே அவற்றைத் தடுத்து நிறுத்துகிற வேலையை எப்படிக் குறைவாகப் பேச முடியும்? அவரிடமும் இதைச் சொன்னேன். பதில் பேசவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் ஊருக்குப் போய்விட்டேன். காங்கேயத்திலிருந்து உள்ளே போக, இருபுறமும் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, எங்க பக்கத்து மேய்ச்சல் நிலம். வெள்வேல மர நிழலில் மாடுகள் நின்றன.

பரிசாக கம்பூட்ஸும் நல்ல டார்ச்சும் வாங்கிப் போயிருந்தேன். புடவை எடுத்திருக்கலாம் என்று சித்திக்குக் குறை. அவளோ அங்கேயே பூட்ஸை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்குள் இறங்கிவிட்டாள்.

புதுசாக ஈன்ற காங்கேயம் கிடாரிக் கன்று செவலையாக நின்றது. "ஆறு மாசத்துல வெளுத்துரும்" என்றாள் அப்பத்தா. "ஆமாங்க அப்பத்தா. ஆனா நாலு மாசத்துக்கு மேல, எட்டு மாசத்துக்குள்ள இதுக்குப் புரூசெல்லா ஊசி போட்டுரோணும். பொட்டைக் கன்னுக்கு ஆயுசுக்கு ஒருக்கா போட்டாப் போதும். கோமாரி ஊசி அப்படியில்லீங்க, வருசத்துக்கு ரெண்டு தடவை." அப்பத்தா மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டாள்.

மாட்டைத் தொடுவதற்கு முன்னால் தள்ளி நின்று பார்க்கச் சொல்லித்தான் கல்லூரியிலும் ஆரம்பித்தார்களாம். மூக்கு நுனி ஈரமாக இருக்கிறதா, அசை போடுகிறதா, சாணி எப்படி இருக்கிறது. "இதெல்லாம் நீங்க சின்னதுலயே சொல்லிக் குடுத்ததுதானுங்க அப்பத்தா" என்று அவள் சொன்னதும் அப்பத்தா அவள் தலையைப் பிடித்து நெட்டி முறித்தாள். நான் எழுதத் தேடிக்கொண்டிருந்த வாழ்த்து கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விடிந்ததும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கழிச்சலில் துவண்ட ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "டாக்டரம்மா, ஒரு ஊசி போடு சாமி." அவள் கண் இமையை விலக்கிப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள். "கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு நம்பர் இன்னும் வரலீங்க மாமா. அதுக்கு முன்னாடி நான் ஊசி போடக் கூடாது. இருங்க, வண்டியக் கூப்பிடறேன்" என்று கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்குப் போன் போட்டு விவரம் சொன்னாள். வண்டி வரும்வரை குட்டியை மடியிலேயே வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முன்னால் அவள் நோட்டில் எழுதினேன்: "சாமி, அப்பத்தாவிடம் தொடங்கிய படிப்பைப் பட்டம் வரை கொண்டு போயிட்டே. எங்க எல்லாருக்கும் பெருமை. அடுத்து டிஎன்பிஎஸ்சி எழுது. அதுக்குப் புஸ்தகம் வாங்கறது அக்கா பொறுப்பு."