ஓங்கிக் கேட்பதெல்லாம் ‘ஒன்று’ இல்லை

இசைக் கோட்பாட்டுத் தேர்வில், கேட்டு எழுதும் பகுதியை முதல் தடவை நான் கோட்டை விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். தாளத்தை 1, 2, 3, 4 என்று திரும்பத் திரும்ப எண்ண வேண்டும்; நானோ டிரம்ஸில் எது ஓங்கிக் கேட்டதோ அதையே 1 என்று எண்ணத் தொடங்கிவிட்டேன். அப்படி ஓங்கிக் கேட்ட ஸ்னேர் டிரம் விழுந்ததோ 2-இல். எழுதியதெல்லாம் ஓர் எண்ணிக்கை தள்ளிப் போய்விட்டது.

ராக், பாப் பாடல்களில் பெரும்பாலும் ஸ்னேர் 2-லும் 4-லும்தான் அழுத்தும். இதுதான் பேக் பீட். ஜமைக்காவின் ரெக்கே இசையில் வரும் ‘ஒன் டிராப்’ தாளம் இன்னும் ஏமாற்றும்: கிட்டார் 2, 4-இல் வெட்டும், டிரம்ஸ் அழுத்தம் 3-இல் விழும், 1 காலியாகவே கடந்துபோகும். நேர்மாறாக, அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1960களில் வளர்த்த ஃபங்க் பாணியில் எல்லாக் கருவிகளும் 1-ஐத்தான் குறிவைக்கும். பிறகு எதை நம்பி 1-ஐப் பிடிப்பது? பேஸ் கிட்டாரைக் கேளுங்கள், கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறும் இடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் 1 இருக்கும்.

அடுத்தது சின்கோபேஷன், அதாவது எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் விழாமல் அழுத்தம் இடையில் விழுவது. இதற்குத்தான் நான் அதிக நாள் செலவிட்டேன், செலவிடத் தகுந்ததும் இதுவே. எத்தனையோ பாப் பாடல்களில் வரும் 3+3+2 அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு எண்ணிக்கையைக் காலால் தட்டியபடி, அதற்குள் எட்டு அசைகளாக ‘தகிட தகிட தக’ என்று சொல்லி, ஒவ்வொரு சொல்லின் ‘த’வுக்கும் கை தட்டுங்கள். முதல் ‘த’ காலோடு சேரும். இரண்டாவது ‘த’ வரும்போது கால் மேலே இருக்கும். மூன்றாவது மறுபடி காலோடு, 4-இல் சேரும். அந்த நடு ‘த’தான் பாட்டை முன்னால் தள்ளுகிறது. முதல் சில நாள் கையோடு காலும் ஓடிவிடும். வேகத்தைப் பாதியாக்குங்கள், ஆனால் காலை நிறுத்திவிடாதீர்கள். காலில் தாளம் நிற்காவிட்டால், கை தட்டுவது எண்ணிக்கைகளுக்கு இடையிலா, எண்ணிக்கையின் மேலேயா என்றே தெரியாது.

‘அழுத்தம் எப்படி உண்டாகிறது?’ என்ற கேள்விக்கு ‘சத்தத்தால்’ என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள். சுரம் நீண்டாலும், திடீரென்று மேலே தாவினாலும்கூட அழுத்தம் விழும். பாடகர் ஒரு சொல்லை 1-க்கு அரை எண்ணிக்கை முன்பே எடுத்து, 1-ஐத் தாண்டியும் இழுத்தால், குரலை உயர்த்தாமலே அந்தச் சொல் எடுப்பாக நிற்கும்.

இரண்டாம் முறை எழுதியபோது, இசையை முதல் தடவை ஒலிக்கவிட்டபோது பேனாவையே தொடவில்லை. மேசைக்கடியில் கால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்த தடவை ஒலித்தபோது அழுத்தம் விழுந்த இடங்களைப் புள்ளியாக வைத்தேன். சுரங்களின் நீளத்தை அதன் பிறகுதான் நிரப்பினேன்.