லானார்க் வே கேட் எத்தனை மணிக்குச் சாத்துவார்கள்?

கேட் சாத்தியிருந்தது. மணி பத்தே கால். அதை இரவு என்று சொல்ல மனசு வரவில்லை, ஏனென்றால் ஜூன் கடைசியில் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் வானத்தில் அந்த நேரத்திலும் வெளிச்சம் பாக்கி இருக்கும். அதை நம்பித்தான் ஷாங்கில் ரோட்டில் ஒரு மீன்-சிப்ஸ் கடையில் சாவகாசமாக நின்றுவிட்டேன். ஆர்டருக்குப் பெயர் கேட்ட கடைக்கார அம்மாவுக்கு 'ஹரிஹரன்' புரியவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டே நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். நம்ம பெயரைக் கேட்டு வெளியூரில் சிரிப்பது புதிதில்லையே என்று விட்டுவிட்டேன்.

நண்பன் வீடு ஸ்பிரிங்ஃபீல்டு ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஷாங்கிலிலிருந்து லானார்க் வே என்ற தெரு வழியாகப் போனால் பத்து நிமிஷ நடை. பாதி தூரம் போனால் தெருவை அடைத்துக்கொண்டு இரும்புக் கதவு. பகலில் அதே வழியாகத்தான் வந்திருந்தேன். அப்போது அது விரியத் திறந்து கிடந்ததால் கதவு என்றே பதியவில்லை.

போன் போட்டேன்.

"டேய், சாத்திட்டாங்களா? சொல்ல மறந்தே போச்சுடா. திரும்பி டவுன் வரைக்கும் நடந்து போயிரு, அங்கேருந்து ஃபால்ஸ் ரோடு பஸ் பிடி."

"இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தானேடா உன் வீடு?"

"அதுக்கு நான் என்ன செய்ய? காலையிலதான் திறப்பாங்க."

வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் குடியிருப்புகளைப் பிரிக்கிற சுவர்களைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் ஓவியம் வரைந்த பழைய நினைவுச் சின்னம், நின்று படம் எடுத்துக்கொள்கிற இடம் என்றுதான் மனசில் இருந்தது. சமாதான ஒப்பந்தம் 1998 ஏப்ரல் 10-இல் ஆகிவிட்டது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கதவைச் சாத்துவார்கள் என்று யார் நினைப்பார்?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது, வடக்கே 6 மாவட்டங்களை மட்டும் தனியாக வெட்டி பிரிட்டனோடு வைத்துக்கொண்டார்கள். புராட்டஸ்டன்ட்காரர்கள் பெரும்பான்மையாக இருக்கும்படி போட்ட கோடு அது. கத்தோலிக்கர்களுக்கு வேலை, வீட்டு ஒதுக்கீடு, உள்ளாட்சி ஓட்டு எல்லாவற்றிலும் ஓரவஞ்சனை. இதை மதச் சண்டை என்று சொன்னால் பாதிதான் சரி. பைபிளுக்கு அர்த்தம் சொல்வதில் யாரும் அடித்துக்கொள்ளவில்லை. இந்த மண் லண்டனோடா டப்ளினோடா என்பதுதான் சண்டை. 1960களின் கடைசியில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள், அடி விழுந்தது, அப்புறம் துப்பாக்கி, குண்டு, ராணுவம். 30 வருஷத்தில் 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். மொத்த ஜனத்தொகையே அப்போது 15 லட்சத்தைச் சுற்றித்தான் இருந்தது.

மறுநாள் பிளாக் டாக்ஸி எடுத்தோம். கலவரக் காலத்தில் பஸ்களைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது, நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டிகள் இவை. இப்போது சுற்றுலா ஓட்டுகின்றன. ஓட்டுநருக்கு அறுபது தாண்டியிருக்கும். எந்தப் பக்கத்து ஆள் என்று கடைசி வரை அவர் சொல்லவில்லை.

முதலில் பாம்பே ஸ்ட்ரீட்டில் நிறுத்தினார். ஆமாம், நம்ம பாம்பேதான். பக்கத்திலேயே காஷ்மீர் ரோடும் உண்டு. 1969 ஆகஸ்ட் 15 அன்று இந்தத் தெருவைக் கொளுத்தினார்கள். அன்றைக்கு 15 வயதுப் பையன் ஒருவன் சுடப்பட்டுச் செத்தான். அதற்கு முந்தின நாள்தான் பிரிட்டிஷ் ராணுவம் டெர்ரி நகரத்துத் தெருவில் இறங்கியிருந்தது. அடுத்த மாதமே இங்கே ராணுவம் முள்வேலி போட்டுத் தடுப்பு கட்டியது. இது மிக மிகத் தற்காலிகமான ஏற்பாடு, பெர்லின் சுவர் மாதிரியெல்லாம் இந்த ஊரில் எதுவும் வராது என்று அப்போதைய தளபதி சொன்னார். பெர்லின் சுவர் நின்றது 28 வருஷம். இதற்கு 50 வயது தாண்டிவிட்டது.

பாம்பே ஸ்ட்ரீட்டில் இப்போது இருப்பவை திரும்பக் கட்டிய செங்கல் வீடுகள். கொல்லைப்பக்கம்தான் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டியிருக்கும் முற்றங்களுக்கு மேலே கூரை மாதிரி கம்பிவலை அடித்திருக்கிறார்கள். கல்லோ பாட்டிலோ அந்தப் பக்கமிருந்து வந்தால் தலையில் விழாமல் இருக்க. ஒரு வீட்டில் அந்தக் கூண்டுக்குள்ளேயே கொடி கட்டித் துணி உலர்த்தியிருந்தார்கள். ஒரு குழந்தையின் பள்ளிச் சீருடையும் அதில் தொங்கியது. வலையில் இற்றுப்போன ஒரு டென்னிஸ் பந்து. எப்போது விழுந்ததோ, யாரும் எடுக்கவில்லை.

அதே சுவரின் அந்தப் பக்கம் போக, காரில் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே அதற்குப் பெயர் கூப்பர் வே. கீழே கான்கிரீட், அதற்கு மேல் தகரத் தடுப்பு, அதற்கும் மேல் கம்பிவலை. மூன்று அடுக்கும் ஒரே நாளில் வந்ததில்லை. கல் எவ்வளவு உயரம் பறந்ததோ அதற்கேற்ப ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார்கள். இங்கே சுற்றுலாப் பயணிகள் சுவரில் கையெழுத்துப் போடுவது வழக்கமாம். ஓட்டுநர் மார்க்கர் நீட்டினார். ஊர் ஊராகப் பெயர்கள், இதயப் படங்கள், அன்பைப் பற்றி வாக்கியங்கள். சுவருக்குப் பின்னால் கம்பிவலைக்குள் சட்டை காய்கிற வீட்டுக்காரருக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை. எனக்கு என்ன எழுதுவது என்று ஓடவில்லை. 'சாத்தூர்' என்று தமிழில் எழுதிவிட்டு மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

"இதை ஏன் இன்னும் இடிக்கவில்லை?" என்று கேட்டேன். அவரிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் போல.

"என் அம்மா சுவர்ப் பக்கம்தான் குடியிருந்தாங்க. சுவரை இடிக்கணும்னுதான் எப்பவும் சொல்வாங்க. எப்போன்னு கேட்டா, நான் போன பிறகும்பாங்க."

2023-க்குள் எல்லாச் சுவரையும் எடுத்துவிடுவோம் என்று 2013-இல் அரசாங்கம் அறிவித்தது. 2016-இல் க்ரம்லின் ரோட்டில் ஒரு சுவரை இடிக்கவும் செய்தார்கள். கெடு தாண்டியும் பெரும்பாலானவை அப்படியேதான் நிற்கின்றன. சுவருக்கு ஒட்டி இருக்கிறவர்கள் சம்மதிக்காமல் கை வைப்பதில்லை என்பது ஏற்பாடு. பிற்போக்கு என்று தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். ஆனால் முந்தின இரவு என்னை நிறுத்திய அதே லானார்க் வே கதவின் இரண்டு பக்கமும் 2021 ஏப்ரலில் பையன்கள் பெட்ரோல் குண்டு வீசிக்கொண்டார்கள், ஷாங்கில் பக்கம் ஒரு பஸ்ஸைக் கடத்திக் கொளுத்தினார்கள். அவர்களில் பலர் ஒப்பந்தத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். அந்த வாரம் கொல்லையில் துணி காயப்போட்ட வீட்டில் நான் இருந்திருந்தால், சுவரை இடிக்கக் கையெழுத்துப் போட்டிருப்பேனா? சந்தேகம்தான்.

கத்தோலிக்கர்கள் இருக்கும் ஃபால்ஸ் ரோட்டில் பாலஸ்தீனக் கொடி, புராட்டஸ்டன்ட்காரர்கள் இருக்கும் ஷாங்கிலில் இஸ்ரேல் கொடி. ஊர்வல சீசன் நெருங்கியதால் ஷாங்கில் பக்கம் சொக்கப்பனைக்குப் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜூலை 11 ராத்திரி கொளுத்துவார்களாம். 1690-இல் புராட்டஸ்டன்ட் அரசர் ஜெயித்த பாய்ன் போரின் வெற்றிக் கொண்டாட்டம்.

என்னை அதிகமாகப் பிடித்து வைத்த இடம் ஃபால்ஸ் ரோட்டில் இருக்கும் நகரக் கல்லறைத் தோட்டம். 1869-இல் திறந்தது. பார்க்க ஒரு தடுப்பும் இல்லை. புல், சாய்ந்த சிலுவைகள், மரங்கள். ஆனால் மண்ணுக்கு அடியில், சுமார் 9 அடி ஆழத்துக்கு ஒரு சுவர் கட்டியிருக்கிறார்கள். கத்தோலிக்கப் பிணமும் புராட்டஸ்டன்ட் பிணமும் கலந்துவிடக் கூடாது என்று! தெருச்சுவருக்குச் சுமார் 100 வருஷம் மூத்தது. அதுவும் போதாமல் கத்தோலிக்கர்கள் கொஞ்ச தூரத்தில் மில்டவுன் என்று தனிக் கல்லறையே வைத்துக்கொண்டார்கள். 1981-இல் சிறையில் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்த, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த ஐரிஷ் போராளி பாபி சாண்ட்ஸைப் புதைத்தது அங்கேதான்.

சாயங்காலம் நண்பன் வீட்டில் ரசம் சாதம். அவன் இங்கே மென்பொருள் வேலைக்கு வந்து ஆறு வருஷம். சேர்ந்த முதல் வாரம் ஒரு படிவம் கொடுத்தார்களாம்: புராட்டஸ்டன்ட் சமூகமா, கத்தோலிக்கச் சமூகமா, இரண்டும் இல்லையா, டிக் அடி. 1989-இல் வந்த சட்டத்திலிருந்தே நிறுவனங்கள் இந்தக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். டைட்டானிக்கைக் கட்டிய கப்பல் பட்டறையிலிருந்து 1920-இல் கத்தோலிக்கத் தொழிலாளர்களை அடித்து விரட்டிய ஊர். கணக்கு இல்லாவிட்டால் யாருக்கு வேலை மறுக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இட ஒதுக்கீட்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது விளங்கும்.

"நான் 'இரண்டும் இல்லை' அடிச்சேன். பக்கத்து சீட்டுக்காரன் கேட்டான், அது சரி, நீ கத்தோலிக்க இந்துவா, புராட்டஸ்டன்ட் இந்துவான்னு. இங்கே அது தாத்தா காலத்து ஜோக்."

நேரடியாகக் கேட்கவும் மாட்டார்களாம். எந்த ஸ்கூல் படிச்சீங்க என்பார்கள். நம்ம ஊரில் எந்தத் தெரு என்பதுபோல. இரண்டு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க லாகன் காலேஜ் என்ற பள்ளியைப் பெற்றோர் சிலர் 1981-இல் 28 பிள்ளைகளோடு ஆரம்பித்தார்கள். இன்றும் அப்படிப்பட்ட பள்ளிகளில் படிப்பவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நண்பன் மகள் படிப்பது வீட்டுக்குப் பக்கத்துக் கத்தோலிக்கப் பள்ளியில். வேறெந்தக் காரணமும் இல்லை, நடந்து போகலாம்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு ஆங்கில எழுத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். எஃப், ஜி, ஹெச், ஐ.

"கேட்டியா?" என்றான் நண்பன். "ஹெச்சுன்னா. இந்தப் பக்கத்து ஸ்கூல்ல அப்படித்தான் சொல்லித் தருவாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் ஏச். அந்த ஒரு எழுத்தை வச்சே யார் எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிருவாங்க."

"நாமளும் ஹெச்சுன்னுதானேடா சொல்றோம்?"

"ஆமா. அதுக்கென்ன?"

நான் ஷாங்கில் கடைக்கார அம்மாவை நினைத்துக்கொண்டேன். ஹரிஹரனில் இரண்டு ஹெச்.