ஊர்: ஒரு பயண நாட்குறிப்பு

2024 ஜூன் 3, ஹட்டன், இலங்கை

நாளை மறுநாள் திருச்சிக்குப் புறப்படுகிறேன். தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்த குடியுரிமை விண்ணப்பத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டேன். 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தேயிலைத் தோட்டத் தமிழரை நாடற்றவர்களாக்கிய பின், 1949 ஆம் ஆண்டின் சட்டத்தை நம்பி அவர் எழுதிக்கொடுத்து, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் அது. அதில் பூர்வீகமாகத் துறையூரை அடுத்த ஒரு கிராமம் குறிக்கப்பட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. 'ஊர்' என்றாலே போதும். ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து நட்ட மதுரைவீரன், ஊரில் செய்கிற முறை, 'ஊருக்குப் போனால்' என்று தொடங்கும் பேச்சு. இத்தனைக்கும் தாத்தா தோட்டத்தில் பிறந்தவர், ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

ஜூன் 5, திருச்சி

விமான நிலையத்திலும் விடுதியிலும் ஒரே கேள்வி: "யாழ்ப்பாணமா?" இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகம் என்று விளக்கினால், தலையசைத்துவிட்டு மீண்டும் யாழ்ப்பாணத்தைப் பற்றியே பேசுகிறார்கள். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று எங்களைப் பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா இந்தியக் கணக்கு, அப்பா இலங்கைக் கணக்கு. தலைமன்னாரில் கப்பலேறிய பெரியப்பா, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர் போய்ச் சேர்ந்தார். அரசு ஏட்டில் அவர் 'தாயகம் திரும்பியவர்'. அக்கம்பக்கத்தாருக்குச் சாகும்வரை 'சிலோன்காரர்'.

ஜூன் 6, துறையூர்

பச்சைமலை தொலைவில் தெரிய, காலைப் பேருந்தில் ஊருக்குப் போனேன். தேநீர்க் கடையில் உட்காரச் சொல்லி, அன்பாகத்தான் விசாரித்தார்கள். பூட்டன் பெயரையும் குலதெய்வத்தையும் சொன்னதும் பெரியவர் ஒருவர், "அப்படியானால் காலனியில் கேட்டுப் பாருங்க, இது ஊர்" என்றார். அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை, வழி சொல்லும் குரல்தான்.

ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்காலும் அரை கிலோமீட்டர் தூரமும் இருக்கின்றன. நடக்க எவ்வளவு நேரம் பிடித்தது என்று நான் கவனிக்கவில்லை. மூன்று தலைமுறையாக, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்போதும், கொழுந்து நிறுக்கும்போதும், வாக்குரிமை போனபோதும், நமக்கென்று ஓர் ஊர் இருக்கிறது என்று எதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டார் ஆறுதல் கொண்டார்களோ, அந்த ஊருக்குள் என் பூட்டன் செருப்பணிந்து நடந்திருக்கவே முடியாது. தாத்தாவுக்கு இது தெரிந்திருக்குமா என்றுதான் மனம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. தெரிந்தே அந்தச் சொல்லைக் காலனிக்கு வைத்தாரோ என்னவோ. லயங்களிலும் சாதி இருந்தது, இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் பொய்யாகிவிடும்.

ஜூன் 7, துறையூர்

காலனியில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு மூதாட்டி என்னை வாய்க்கால் கரையிலிருக்கும் ஒரு மேட்டுக்கு அழைத்துப்போனார். கருவேல முள் மண்டிய அந்த மேட்டுக்குக் 'கண்டிக்காரன் திட்டு' என்று பெயராம். அங்கே வீடு இருந்ததைப் பார்த்தவர் யாரும் இன்றில்லை. கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்குப் போனவர்களின் வீடு என்ற பேச்சு மட்டும் நிற்கிறது. அது என் பூட்டனின் வீடுதானா என்பதற்குச் சான்றில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி கொடுத்த முன்பணம் துண்டுச் சீட்டில் கடனாக ஏறிய அந்தக் காலத்தில், இந்தக் காலனியிலிருந்தே எத்தனை குடும்பங்கள் போயினவோ. மூதாட்டி என் முகத்தைத் திருப்பிப் பார்த்து, "மூக்கு எங்க ஆளுங்க மூக்குதான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாலையில் கோயில் திருவிழாவுக்கு வரி எழுதிய இளைஞர், "உங்களையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்க்கட்டுமா, அண்ணே?" என்று கேட்டார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். முகவரிக்கு ஹட்டன் என்றேன். அவர் எழுத்துக்கூட்டத் தயங்கியபோது மூதாட்டி குறுக்கிட்டு, "கண்டின்னு எழுதுடா" என்றார். நோட்டில் அப்படியே எழுதினார்.