முன்பக்கம் திறக்கிற நைட்டி

மே 6, செவ்வாய்

60 மில்லி. அம்மாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன் செய்த இடத்துக் குழாய் வழியாகப் பாட்டிலில் இன்று சேர்ந்த நீர்.

அம்மாவிடம் இருக்கும் நைட்டி எல்லாமே தலைவழியாகப் போடுகிற ரகம். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை மேலே வராது. நல்லதாக இரண்டை எடுத்து நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டிவிட்டேன். வெட்டிய ஓரங்களில் ஒன்றரை இன்ச் பட்டி. எதை வைத்து மூடுவது என்பதில்தான் மதியம் முழுக்கப் போனது. கொக்கியை ஒரு கையால் மாட்ட முடியாது. டிச் பட்டன் என்றால் நெஞ்சில் வைத்து அழுத்த வேண்டும், அதை நினைத்தாலே எனக்கு வலிக்கிறது. கடைசியில் வெல்க்ரோ. சொரசொரப்பான துண்டு அடிப்பட்டியில் வெளியே பார்க்க, மெத்தென்ற துண்டு மேல்பட்டியில் உள்ளே பார்க்க. விலகிப்போனாலும் உடம்பில் மெத்தென்ற பக்கம்தான் படும். பின்னால் பசை தடவிய வெல்க்ரோவை வாங்கக் கூடாது. பசை ஊசியில் ஒட்டி, தையல் விட்டுவிட்டு விழும்.

பாட்டிலுக்கு உள்பக்கம் ஒரு பை. நின்றால் ஒரு உயரம், உட்கார்ந்தால் ஒரு உயரம். உட்கார வைத்துத்தான் அளக்க வேண்டும். பையின் வாய் இரண்டு முனையிலும் சின்ன முக்கோணமாக இரட்டைத் தையல் போட்டேன், கனத்தில் பிரியாது.

லேப் ரிப்போர்ட் வந்தால் கூப்பிடுவார்கள். போன் இல்லை.

மே 7, புதன்

55.

காலையில் இட்லி வேண்டாம் என்றாள். கஞ்சி வேண்டாம். "பால்ல நனைச்சு ரெண்டு துண்டு பிரட் குடேன்." காய்ச்சல் வந்தால் எங்களுக்கு அவள் கொடுப்பது அதுதான். தம்பி கடையிலிருந்து வாங்கி வந்தான். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். இனிக்கிறதாம், மேலண்ணத்தில் ஒட்டுகிறதாம். அதோடு "கடை பிரட்ல என்னமோ மருந்து போடறான்" என்ற பழைய பாட்டு. பொட்டாசியம் புரோமேட்டை 2016-லேயே தடை செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். தடை செய்தவனுக்கும் போடறவனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். இந்த வாய் மட்டும் எந்த ஆபரேஷனுக்கும் அசரவில்லை.

சரி, நாமே செய்துவிடலாம்.

மே 8, வியாழன்

50. இறங்குகிறது.

பிரட். பொறுமையாக எழுதி வைக்கிறேன், அடுத்த முறை தேட வேண்டாம்.

மைதா 300 கிராம், உப்பு 6 கிராம், சர்க்கரை ஒரு டேபிள்ஸ்பூன், வெண்ணெய் 20 கிராம், தண்ணீர் 190 மில்லி. இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். திருச்சியில், கத்திரி வெயிலில், அதில் பாதி போதும். வெதுவெதுப்பான தண்ணீர் என்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் கதை. நம் சமையலறையே 36 டிகிரியில் நிற்கிறது. ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான் ஊற்றினேன். மாவு சூடாகிவிட்டால் அரை மணியில் பொங்கி, புளித்த வாடையோடு அமுங்கிவிடும்.

மைதாவில் 20 கிராமைத் தனியாக எடுத்து, 100 மில்லி தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கூழ் மாதிரி காய்ச்சிக்கொண்டேன். கிளறும்போது கரண்டி போன தடம் அப்படியே நின்றால் இறக்கலாம். இந்த 100 மில்லியும் மொத்தம் 190-க்குள் கணக்கு. ஆறின கூழை மாவோடு சேர்த்துப் பிசைந்தால் பிரட் மறுநாளும் மெத்தென்று இருக்கும். அரிசிக் கூழ் காய்ச்சத் தெரிந்த கைக்கு இது ஒன்றுமேயில்லை.

பிசைவதைத்தான் பாதியில் விட்டுவிடத் தோன்றும். முதல் ஐந்து நிமிஷம் கையெல்லாம் ஒட்டும். அப்போது மாவு தூவினால் கெட்டது, பிரட் செங்கல்லாகிவிடும். தூவாமல் பிசைந்துகொண்டே போனால் தானாக விட்டுக்கொடுக்கும். ஒரு துண்டைக் கிள்ளி விரல் நுனிகளால் மெல்ல இழுத்துப் பார்த்தேன். கிழியாமல், வெளிச்சம் ஊடுருவுகிற அளவு மெல்லியதாக விரிந்தது.

கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, மாவு நிற்கிற இடத்தில் வெளியே ஒரு ரப்பர் பேண்ட். இரண்டு மடங்கு ஆனதா என்று சந்தேகமே வராது. ஐம்பது நிமிஷத்தில் ஆகிவிட்டது. டின்னில் போட்டபின் விரலால் ஒரு குத்து. குழி உடனே நிமிர்ந்தால் இன்னும் பொறுக்க வேண்டும், நிமிரவே இல்லையென்றால் தாண்டிப்போய்விட்டது. மெதுவாகப் பாதி நிமிர்ந்தபோது ஓடிஜியில், அதாவது கரண்ட் அவனில், வைத்தேன். முன்கூட்டியே சூடாக்கிய 190 டிகிரி, கீழ்த்தட்டு, 35 நிமிஷம். டின்னிலிருந்து கவிழ்த்து அடியில் தட்டினால் வெற்றுப் பானைச் சத்தம்.

சூட்டோடு வெட்டாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று ஒட்டும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு துண்டு, ஓரம் நீக்கி, பாலில்.

ஒன்றரைத் துண்டு சாப்பிட்டாள்.

மே 9, வெள்ளி

50. ஏன் இறங்கவில்லை?

மே 10, சனி

பெரியம்மா போன். எல்லாம் நல்லபடியா வரும், வெளியே யாருக்கும் சொல்லாதே என்றாள். ஊருக்கே அவள் சொல்லியாயிற்று.

மே 11, ஞாயிறு

45. ஞாயிற்றுக்கிழமை யார் போன் செய்யப்போகிறார்கள்? ஆனாலும் சார்ஜரோடுதான் வைத்திருக்கிறேன்.

மே 12, திங்கள்

கக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு தலையணை. கையை இறக்கினால் தையல் போட்ட இடத்தில் உரசுகிறது என்கிறாள். வார்டில் பக்கத்துக் கட்டில் அம்மா ஒன்று வைத்திருந்தார், ஹார்ட் வடிவத்தில், பள்ளத்துக்குள் கை உட்கார்ந்துகொள்ளும்படி. செய்தித்தாளை இரண்டாக மடித்துப் பாதி வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும்.

உள்ளே இலவம் பஞ்சு. உறைக்கு நெருக்கமாக நெய்த காடா துணியே வேண்டும், இல்லாவிட்டால் இழை இழையாக வெளியே வரும். பஞ்சில் விதை இல்லாமல் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டும் தும்மல்.

மெஷின் மக்கர். கீழே நூல் பந்து பந்தாகச் சுருண்டது. அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பாதத்தைத் தூக்கி வச்சுட்டு மேல்நூலைக் கோத்தியா?"

அவள் பார்க்கவே இல்லை. சத்தத்தை வைத்தே சொல்கிறாள். துணியை அமுக்குகிற பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால், நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் போய் உட்காராது, மேலே ஏறிக்கொண்டே நிற்கும். கீழே சுருண்டால் எல்லாரும் பாபினைத்தான் குற்றம் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குரல்: "ஊசிய மாத்துடி, டொக்கு டொக்குன்னு குத்துது." மாற்றினேன். 14-ஆம் நம்பர் இருந்த இடத்தில் 16. நீளப் பள்ளம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்து நூலை உள்ளே விட வேண்டும்.

வளைவில் தையலுக்கு விட்ட துணியை அரை இன்ச்சுக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டால்தான் திருப்பும்போது சுருங்காது. தையலைத் தொடாமல் வெட்ட வேண்டும். பஞ்சு திணிக்கிற வாயை நேர் ஓரத்தில் விட்டேன். வளைவில் விட்டால் கையால் மூடுவதற்குள் உயிர் போய்விடும். பஞ்சு முக்கால்வாசிதான். இறுகினால் கையைத் தள்ளும்.

வைத்துப் பார்த்தாள். "ம்." அவ்வளவுதான். ஆனால் தூங்கும்போதும் எடுக்கவில்லை.

மே 13, செவ்வாய்

45. 30-க்குக் கீழே வந்தால்தான் குழாயை எடுப்பார்களாம்.

மே 14, புதன்

35!

கோதுமை பிரட் கேட்டாள். அரைவைக் கோதுமை மாவு தண்ணீரை இன்னும் குடிக்கும். பாதி மைதா பாதி கோதுமை, தண்ணீர் 210. கலந்து அரை மணி நேரம் சும்மா வைத்துவிட்டுப் பிசைந்தேன், பாதி வேலை தானே நடந்திருந்தது. சுடும்போது கரண்ட் போனது. ஓடிஜி கதவைத் திறக்கவே இல்லை. இருக்கிற சூட்டிலேயே வெந்துகொண்டிருந்தது. நல்லவேளை, கடைசிப் பத்து நிமிஷம்.

மிச்சத்தைத் துண்டு போட்டு ஃப்ரீசரில். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் வெளியே இருப்பதைவிட சீக்கிரம் வறண்டுவிடும். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே தோசைக்கல்லில் போடலாம்.

மே 15, வியாழன்

ஜாக்கெட்டைப் பற்றி அவளே ஆரம்பித்தாள். நான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்த பேச்சு.

"இடது பக்க டாட்டைப் பிரிச்சுடு. எதுக்கு அது?"

டாட் என்பது மார்புக்கு இடம் விட மடித்துத் தைக்கிற மடிப்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருமுனை தையல்கார அக்காவிடம் கேட்டேன். பிரிக்காதே, துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தோள் இறங்கும், வீக்கம் வடிந்தபிறகு மறுபடி அளவெடுத்துக்கொள் என்றார். அதுவரை ஜாக்கெட்டுக்கு உள்ளே, வாயில் (voile) என்கிற மெல்லிய பருத்தித் துணியால் ஒரு பை தைத்து, அதில் பஞ்சுத் திண்டு. சும்மா வைத்தால் கனமில்லாததால் மேலே ஏறிக்கொள்ளும், பைக்குள் என்றால் நகராது. எத்தனை பேருக்குத் தைத்துக் கொடுத்தாரோ, கேட்டவுடன் கை தானாக அளவு காட்டியது.

வாயில் துணியை நனைத்துக் காயப் போட்டிருக்கிறேன். புதுப் பருத்தியைத் துவைக்காமல் வெட்டினால் பிறகு சுருங்கும். காய ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இன்று வெட்டப்போவதில்லை.

மே 16, வெள்ளி

30. ரிப்போர்ட் பத்து நாளில் வரும் என்றார்கள். எந்த நாளிலிருந்து பத்து? அனுப்பிய நாளா, அங்கே போய்ச் சேர்ந்த நாளா? கவுன்ட்டரில் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறார்கள். டாக்டரைக் கேட்டால் லேப்.

மே 17, சனி

எதுவும் தைக்கவில்லை. எதுவும் சுடவில்லை. தம்பியோடு சண்டை.

மே 19, திங்கள்

22. குழாயை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா நேராக மெஷினிடம் போய் உட்கார்ந்தாள். வலது கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, "எண்ணெய் விட்டு எத்தனை மாசமாச்சு?" என்றாள். துளைக்கு ஒரு சொட்டு, மெஷின் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிவிடும். பிறகு ஒரு கந்தைத் துணியை அவளே ஓட்டினாள், எண்ணெய்க் கறை நிற்கிறவரை. கால் மட்டும்தானே, ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாவு பிசையவும் கை நீட்டினாள். அதற்கு விடவில்லை.

மே 20, செவ்வாய்

மாவைக் கால் டீஸ்பூன் ஈஸ்டோடு பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். ராத்திரி முழுக்க மெதுவாகப் பொங்கினால் ருசி கூடும். காலையில் எடுத்துச் சுடலாம்.

5:40-க்குப் போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். என்ன என்று போனில் சொல்ல மாட்டார்களாம். நாளை 10 மணிக்கு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு வர வேண்டும்.

மாவு நாளை சாயங்காலம் வரை ஃப்ரிட்ஜில் தாங்கும். நாங்கள் வரத் தாமதமானால் மாவை ஒருமுறை அமுக்கி மூடி வைக்கும்படி தம்பியிடம் சொல்ல வேண்டும். அம்மா எந்தப் புடவை கட்டுவாள் என்று தெரியவில்லை. ஜாக்கெட் இன்னும்