சீழ் காத்திருக்காது

நெஞ்சு அறுவைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். நிமோனியா முற்றி, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே சீழ் கட்டியவர்களிடம் 'அதை வடிக்க நெஞ்சில் ட்யூப் போட வேண்டும்' என்றதுமே முகம் வெளுத்துவிடும். "இன்னும் இரண்டு நாள் ஊசியிலேயே பார்க்கலாமே, சிஸ்டர்" என்பார்கள். அந்த இரண்டு நாள்தான் எனக்கு எரிச்சல். ஊசி மருந்து ரத்தத்தோடு போவது. தேங்கிய சீழுக்குள் ரத்த ஓட்டம் ஏது? முதலில் நீராக இருப்பது, பிறகு நார் நாராகப் பின்னி அறை அறையாகத் தடுத்துக்கொள்ளும். சில வாரங்களில் நுரையீரல் மேல் தடித்த உறை படிந்துவிடும். முதலில் ட்யூப் போதும், கடைசியில் கத்திதான்.

அந்த ட்யூபின் மறுமுனை, பாட்டிலில் தண்ணீருக்குள் சுமார் 2 செ.மீ. மூழ்கியிருக்கும். சீழும் காற்றும் வெளியேறும். வெளிக்காற்று உள்ளே நுழையாது. மூச்சை இழுத்தால் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். ஆட்டம் நின்றால், நோயாளி ட்யூப் மேலேயே படுத்திருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன். பெரும்பாலும் அதுதான். சில உறவினர்கள் உதவியாக நினைத்துப் பாட்டிலைத் தூக்கிக் கட்டில் மேல் வைப்பார்கள். வைக்கவே கூடாது, வடிந்தது திரும்ப உள்ளே போகும்.

அவசரமும் ஒரு காலத்தில் ஆளைக் கொன்றிருக்கிறது. 1918இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் இப்படிச் சீழ் கட்டியவர்களுக்கு உடனே நெஞ்சைத் திறந்தார்கள். காற்று புகுந்து நுரையீரல் சுருங்கி, சுமார் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். அறுவை மருத்துவர் எவார்ட்ஸ் கிரஹாம் இருந்த ஆய்வுக் குழு, முதலில் ஊசியால் உறிஞ்சுங்கள், சீழ் கெட்டிப்பட்ட பிறகு திறங்கள் என்றது. அது திறந்த துளைக்குச் சொன்னது. தண்ணீர்ப் பாட்டிலோடு மூடிய ட்யூபுக்குப் பொருந்தாது.

உறை படிந்துவிட்டால் டிகார்டிகேஷன், அதாவது அந்த உறையை உரித்தெடுக்கும் அறுவை. பல இடங்களில் சிறு துளைகள் வழியே கேமரா வைத்தே செய்கிறார்கள். உறை மிகவும் இறுகியிருந்தால் விலா நடுவே திறக்க வேண்டிவரும். ஓரத்தில் ஒரு பிடி கிடைத்ததும், முற்றாத பழத்தின் தோலைப் போல அந்த உறையை மெல்ல மெல்ல உரிப்பார்கள். அவசரப்பட்டால் நுரையீரல் கிழியும். மயக்க மருத்துவர் நுரையீரலுக்குள் காற்றை அழுத்துவார். சாம்பல் நிறத்தில் சுருங்கிக் கிடந்தது அங்கங்கே உப்பி விரியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் நான் பேச மாட்டேன்.

பிறகு வார்டில் இருமச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள், வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு இருமாமல் கிடந்தால் சளி தங்கி, அடுத்த நிமோனியா வரும்.